முடிவு சொல்லப் போன வீடு

எங்கள் துறைக்கு இப்போது புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது வெறும் சமூக மருத்துவத் துறை. இப்போது வாசல் பலகையில் மக்கள் பங்கேற்பு, சுகாதார சமத்துவம் என்ற சொற்களும் சேர்ந்திருக்கின்றன. நல்ல சொற்கள்தான். பலகை மாட்டிய அன்று ஓய்வு பெற்றவர்களையும் அழைத்திருந்தார்கள். போனேன். என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் ஜெனிஃபர் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்பல்லாம் ரிசல்ட் போன்லயே போய்டுது மேடம். நீங்க வீடு வீடா நடந்து போய்ச் சொல்வீங்களாமே? ஏன் மேடம் அவ்ளோ கஷ்டப்பட்டீங்க? அவங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னா?"

"படிச்சவங்க வீட்டுக்கும் போனோம்" என்றேன். அதற்குள் மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மைக்கில் ஏதோ பேசினேன், கைதட்டினார்கள். அவள் கேட்டதற்கான பதில் அந்தப் பேச்சில் இல்லை. திருத்தணிக்கு ரயிலில் திரும்பி வரும்போதுதான் மங்கம்மா நினைவுக்கு வந்தாள். வீட்டுக்கு வந்தும் அவள் நினைவு போகவில்லை. அதனால் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவள் ஊர் ஆர்.கே.பேட்டைக்கு அந்தப் பக்கம் என்பதற்கு மேல் சொல்லப் போவதில்லை.

நான் திருத்தணிக்காரி. சென்னையில் சமூகப்பணி படித்துவிட்டு, ஒரு மருத்துவக் கல்லூரியில் மருத்துவ சமூகப் பணியாளராகச் சேர்ந்தேன். கல்லூரி ரயிலில் போய் வரும் தூரம். ஆனால் துறையின் கிராமப்புற மையம் எங்கள் பக்கத்தில் இருந்ததால் என்னை இங்கேயே போட்டார்கள். மற்றவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி என்று படிப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒருவரிடம் போய்க் கெட்ட செய்தி சொல்வது எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லை. அதை நான் துறைத் தலைவர் டாக்டர் சரோஜினியிடம் கற்றுக்கொண்டேன்.

சரோஜினி மேடம் சித்தூர்ப் பக்கம் பிறந்தவர். குள்ளமான உருவம், நூல் புடவை, ரப்பர் செருப்பு. தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பார், அவ்வளவுதான். அவர் துடைக்க ஆரம்பித்தால் மேற்படிப்பு மாணவர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் மாணவர்கள் வண்ண வண்ணமாகப் படம் போட்டு, எந்த ஊரில் எத்தனை பேருக்கு என்ன நோய் என்று காட்டுவார்கள். முழுக்கப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்பார். பிறகு எப்போதும் ஒரே கேள்வி: "இதுல யாருக்கு இன்னும் சொல்லலை?"

ஒருமுறை ஒரு மாணவர், "ரெண்டு தடவை போன் பண்ணேன் மேடம், எடுக்கலை" என்றார். மேடம் கண்ணாடியைத் துடைத்தார். மறுநாள் காலை அந்த மாணவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அவரே அந்த வீட்டுக்குப் போனார்.

இதற்குக் காரணம் இருந்தது. அவர் முதன்முதலில் இந்த ஊர்களுக்கு வந்தபோது பல வீடுகளில் கதவைச் சாத்தினார்களாம். அதற்கு முன்பு எங்கிருந்தோ ஒரு குழு வந்து ரத்தம் எடுத்துப் போயிருக்கிறது. பிறகு ஒருவரும் திரும்பி வரவில்லை. "எங்க ரத்தத்த எடுத்துகினு போயி இன்னா பண்ணீங்க?" என்று ஒரு கிழவர் மேடத்தைக் கேட்டிருக்கிறார். அன்று முதல் ஊர்க்கூட்டம் போட்டு, ஊர் சம்மதித்த பிறகுதான் ஊசி. ரத்தம் எடுத்தால் முடிவு வீட்டுக்குப் போயாக வேண்டும். நல்ல முடிவானாலும் போக வேண்டும்.

போவதற்கும் முறை வைத்திருந்தார். ஜீப்பைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட வேண்டும். வெள்ளைக் கோட்டு ஜீப்போடு இருக்கட்டும். ஃபைல் பைக்குள் இருக்க வேண்டும், கையில் பிடித்துக்கொண்டு போனால் தெருவே கூடிவிடும். கொடுக்கிற தண்ணீரைக் குடிக்க வேண்டும். அவர்கள் தரையில் உட்கார்ந்தால் நமக்கு நாற்காலி வேண்டாம். "யாரு கூட இருக்கணும்?" என்று கேட்க வேண்டும். புருஷன்தான், மாமியார்தான் என்று நாமே முடிவு செய்யக் கூடாது. பிறகு விஷயத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். எனக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. வாய் தானாக ஆறுதல் சொல்லத் துடிக்கும். "அது உனக்கு ஆறுதல், எஸ்தர். அவங்களுக்கு இல்ல" என்பார் மேடம். கிளம்பும்போது அடுத்து என்றைக்கு வருவோம் என்று சொல்லி, அந்த நாளில் போய் நிற்க வேண்டும்.

அப்போது எங்கள் துறை சிறுநீரகக் கோளாறு பற்றி ஊர் ஊராகப் பரிசோதனை நடத்திக்கொண்டிருந்தது. கழனி வேலை செய்பவர்களிடமும் தறி ஓட்டுபவர்களிடமும், சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இல்லாமலேயே சிறுநீரகம் கெட்டுப்போவதைப் பார்த்தோம். வெயிலா, தண்ணீரா, பரம்பரையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. பொதட்டூர்பேட்டை முகாமில் சுமதி என்ற பெண்ணின் முடிவு மோசமாக வந்தது.

சுமதிக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்காது. வீட்டோடு விசைத்தறி. அவள் கணவன் குமார் லுங்கி நெய்வான், அவள் அதற்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பாள். நாங்கள் போனதும் குமார் தறியை நிறுத்தினான். பக்கத்து வீட்டுத் தறிகள் ஓடிக்கொண்டே இருந்தன. மேடம் சொன்னார்: "சுமதி, உன் ரெண்டு கிட்னியும் பெரும்பாலும் வேலை செய்யறத நிறுத்திடுச்சும்மா."

அவள் அழவில்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "அப்ப இந்த மூஞ்சி வீங்கினது தூக்கம் பத்தாம இல்லியா?" என்றாள்.

டயாலிசிஸ் ஆரம்பித்தோம். அவர்கள் பேச்சில் அது 'ஊசி போட்டுக்கொள்வது'. வாரத்தில் இரண்டு நாள் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விடியும்முன் பொதட்டூர்பேட்டையில் டவுன் பஸ், திருத்தணியில் ரயில், இறங்கி மறுபடி பஸ். திரும்பி வரும்போது நடக்கத் தெம்பிருக்காது. தாகம் அவளைப் பாடாய்ப் படுத்தியது. தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும். வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "இன்னிக்கி கொளத்தையே குடிச்சிட்டேன் மேடம்" என்று சிரிப்பாள். அவளோடு ஒவ்வொரு முறையும் துணைக்கு வந்தது அவள் அம்மா மங்கம்மா.

மங்கம்மா கரும்பு வெட்டும் வேலைக்கும் வேர்க்கடலை பிடுங்கும் வேலைக்கும் போகிறவள். கணவன் இறந்து பல வருடம். ஒரே மகள். ஆஸ்பத்திரி வராண்டாவில் காலை நீட்டி உட்கார்ந்து, போகிற வருகிற நர்சுகளிடம் எல்லாம் பேச்சுக் கொடுப்பாள். மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் மகள் பிழைப்பாள் என்று கேள்விப்பட்ட அன்றே என்னிடம் வந்தாள்.

"எஸ்தரம்மா, என் கிட்னிய எடுத்துக்கலாமா? எனக்கு ரெண்டு கீது. ஒண்ண எடுத்துகினு போவட்டும்."

குமாரும் தருவதாகச் சொன்னான். அவன் வீட்டார் தடுத்துவிட்டார்கள். அந்த வார்டில் நான் பார்த்த வரை, படுத்திருப்பது ஆணாக இருந்தால் மனைவியோ அம்மாவோ தயங்காமல் முன்வருவார்கள், வீட்டாரும் அனுப்பிவைப்பார்கள். படுத்திருப்பது பெண்ணாக இருந்தால் பேச்சு நீண்டுகொண்டே போகும். மங்கம்மா அந்தப் பேச்சுக்கே இடம் வைக்கவில்லை. ரத்தப் பிரிவு ஒத்துப்போனது. சுமதி அன்று குளித்துப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். மற்ற பரிசோதனைகளுக்கு மங்கம்மாவை அனுப்பினோம்.

முடிவு சரோஜினி மேடத்திடம்தான் வந்தது. என்னைக் கூப்பிட்டு, "எஸ்தர், நாளைக்கு மங்கம்மா ஊருக்குப் போகணும்" என்றார். முடிவு நல்லதில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

நாங்கள் போனபோது மங்கம்மா கடலைக் கொல்லையில் இருந்தாள். கையில் மண்ணைத் தட்டிக்கொண்டு வரப்புக்கு வந்தாள். எங்களுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். மூவரும் வரப்பில் உட்கார்ந்தோம்.

"யாரு கூட இருக்கணும், மங்கம்மா?"

"யாரு கீறாங்க எனக்கு? சொல்லுங்க."

"உனக்கும் அதே நோவுதான் மங்கம்மா. உன் கிட்னியும் கெட்டுப்போயிருக்கு."

சொல்லிவிட்டு மேடம் சும்மா இருந்தார். நானும் சும்மா இருந்தேன். பக்கத்துக் கொல்லையில் யாரோ மாட்டை அதட்டிக்கொண்டிருந்தார்கள். தனக்கு என்ன ஆகும் என்று மங்கம்மா கேட்கவில்லை.

"அப்ப என்னுது அவளுக்கு ஆவாதா?"

"ஆகாதும்மா."

"கொஞ்சமாச்சும் வேல செய்யிதுல்ல? நா நடக்கறேன், வேலைக்கி வரேன். அந்த கொஞ்சத்த எடுத்து அவளுக்கு வச்சா?"

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

மங்கம்மாதான் பிறகு பேசினாள். "அவளுக்கு இது தெரியக் கூடாது. தெரிஞ்சா, அம்மாவப் பாருங்கன்னு சொல்ட்டு அவ ஊசி போட்டுக்கறத நிறுத்திடுவா. எனக்குத் தெரியும் அவள. அவ நைனா செத்தப்ப, எனக்கு சோறு இல்லன்னு அவ ரெண்டு நாளு சாப்டல."

"உன் ரிசல்ட் உன்னுது. நாங்க யாருக்கும் சொல்ல மாட்டோம்" என்றார் மேடம். "ஆனா பொய்யும் சொல்ல மாட்டோம். பொருந்தலைன்னு மட்டும் சொல்லுவோம். நீ வைத்தியத்துக்கு வரணும்."

"ஆங், வரேன் வரேன்" என்றாள். குரலிலேயே தெரிந்தது, வர மாட்டாள் என்று.

அடுத்த முறை டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போது சுமதியிடம் சொன்னோம். அவள் கையில் இரண்டு ஊசிகள், ரத்தம் குழாய் வழியாக மெஷினுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. மங்கம்மா கட்டில் ஓரத்தில் நின்றிருந்தாள். பொருந்தவில்லை என்று நான் சொன்னதும் சுமதி என்னை உற்றுப் பார்த்தாள். இத்தனை மாதம் அந்த வார்டில் இருந்ததில் அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"ரத்தம் ஒத்துப்போச்சுன்னாங்களே மேடம். அப்பறம் இன்னா பொருந்தல? எங்கம்மாவுக்கு எதனா கீதா?"

மங்கம்மா குறுக்கே வந்தாள்.

"அந்தம்மாவ ஏன் கேக்கற? நாந்தான் வாணாம்னு சொல்ட்டேன். எனக்கு பயமா கீது. வவுத்த கிழிச்சி எடுப்பாங்களாம். நா மாட்டேன்."

சுமதி அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்று திரும்பும் ரயிலில் இருவரும் எதிர் எதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி வந்தார்கள். அதற்குப் பிறகு துணைக்குக் குமார் வந்தான். தறி நின்ற நாட்களில் வீட்டில் வருமானம் இல்லை.

செய்தி ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. பெற்ற மகளுக்குக் கொடுக்கப் பயந்தவள் என்று மங்கம்மாவைப் பேசினார்கள். கழனி வேலையில் அவள் பக்கத்தில் வரிசை பிடிக்கவே சில பெண்கள் மறுத்தார்களாம். அவள் எதுவும் சொல்லவில்லை. நானும் மேடமும் சொன்ன நாளில் போய்க்கொண்டிருந்தோம். மாத்திரை மட்டும் வாங்கிக்கொள்வாள். ஆஸ்பத்திரிக்கு வா என்றால், "அங்க அவ இருப்பா" என்பாள். ஒவ்வொரு முறையும் முதல் கேள்வி, "ஊசி போட்டுகினு கீறாளா?" என்பதுதான். ஆமாம் என்றால் போதும்.

சுமதியும் என்னிடம் அம்மாவைப் பற்றிப் பேசுவாள், கேட்காத மாதிரி. "பயம் எல்லாருக்குந்தான் கீது மேடம். எனக்கு இல்லியா? கிட்னி குடுக்கலன்னா போவுது. வந்து பாக்கறதுக்கு இன்னா பயம்?"

இரண்டு பக்கமும் உண்மை தெரிந்தவள் நான். இரண்டு பக்கமும் வாயைத் திறக்க முடியாது. ஒருநாள் தாங்க முடியாமல் மேடத்திடம் கேட்டேன், நாமே சொல்லிவிட்டால் என்ன என்று. "எனக்கும் தினமும் தோணுது" என்றார். "ஆனா அந்தம்மாகிட்ட மிச்சம் இருக்கறது அந்த ரகசியம் ஒண்ணுதான். அதையும் எப்படி எடுத்துக்கறது?"

அந்த வெயில் காலத்தில் சுமதியின் இதயம் பலவீனமானது. வார்டில் சேர்த்தார்கள். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மாவ வரச் சொல்லுங்க மேடம். ஒண்ணும் கேக்க மாட்டேன். சும்மா பாக்கணும்" என்றாள்.

போய்ச் சொன்னேன். மங்கம்மா தன் முகத்தைத் தடவிக்காட்டினாள். கண்ணுக்குக் கீழே பை பையாக வீங்கியிருந்தது. "இத்தப் பாத்தா கண்டுபுடிச்சிருவாளே எஸ்தரம்மா" என்றாள். பிறகு உள்ளே போய், கால் மறையத் தாழ்த்திப் புடவை கட்டிக்கொண்டு, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள்.

வார்டில் சுமதி அவளைக் கட்டிலில் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்தாள். பிறகு குனிந்து, அம்மாவின் புடவைக் கரையைச் சற்றுத் தூக்கி, கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. கிட்னி கெட்டால் காலில் இப்படி நீர் கோத்துக்கொள்ளும். அந்த வார்டில் அதற்கு அர்த்தம் தெரியாதவர்கள் யாரும் இல்லை.

"எப்பலேர்ந்து?"

மங்கம்மா புடவைக் கரையை இழுத்துக் காலை மூடினாள்.

"அம்மா, எப்பலேர்ந்து?"

"அப்பலேர்ந்தே."

சுமதி அம்மாவின் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "இன்னாத்துக்கும்மா இப்டி பண்ண? எவ்ளோ நாளு உன்ன மனசுக்குள்ள திட்னேன் தெரியுமா?"

"திட்னா திட்டிக்க. ஊசிய நிறுத்தல இல்ல? அது போதும்."

மகள் கையை அம்மா பிடிக்க, அம்மா கையை மகள் பிடிக்க, அப்படியே இருந்தார்கள். நர்சு வந்து திரையை இழுத்துவிட்டுப் போனார்.

சுமதி ஒரு நிபந்தனை போட்டாள். நீயும் ஊசி போட்டுக்கொண்டால்தான் நான் போட்டுக்கொள்வேன் என்றாள். மங்கம்மாவுக்கு வேறு வழி இல்லை. சில வாரங்கள் இருவரும் ஒரே நாளில், ஒரே பஸ்ஸில், ஒரே ரயிலில் வந்தார்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டில். மெஷின் ஓடும்போது பழைய கதைகளைப் பேசிச் சிரிப்பார்கள். சுமதி உண்மையை யாருக்கும் சொல்லவில்லை. சொல்லாதே என்று அம்மா கேட்டுக்கொண்டாள். கணவன் வீட்டில் தெரிந்தால், பிறந்த வீட்டு நோயைக் கொண்டுவந்தவள் என்று மகளைப் பேசுவார்கள் என்ற பயம்.

ஆடிக் கிருத்திகை வந்தது. திருத்தணியில் அந்த நாட்கள் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். சாலை முழுவதும் காவடிகள், மஞ்சள் துணிகள். பஸ்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். சுமதியால் அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. ஒரு டயாலிசிஸ் தவறியது. மறுநாள் மூச்சு திணறியது. குமார் ஒரு வண்டி பிடித்தான். ஊரைச் சுற்றிக்கொண்டு போய் மெயின் ரோட்டைப் பிடிக்கவே வெகு நேரமானது. கனகம்மாசத்திரம் தாண்டியதும் உயிர் போய்விட்டது.

யாரையும் குற்றம் சொல்ல முடியாது. சாமி கும்பிட வந்தவர்கள் என்ன செய்வார்கள்? பக்கத்தில் ஒரு மெஷின் இருந்திருந்தால் அவள் ரயிலும் பஸ்ஸும் தேடியிருக்க வேண்டாம். சரோஜினி மேடம் அதைப் பல கூட்டங்களில் கேட்டிருந்தார். பார்க்கலாம் என்றுதான் பதில் வந்துகொண்டிருந்தது. சுமதி இறந்த வாரம், திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேடம் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. சீக்கிரமே எழுந்து போய்விட்டார்.

மங்கம்மா டயாலிசிஸை நிறுத்திவிடுவாள் என்று பயந்தேன். நிறுத்தவில்லை. "போட்டுக்கறேன்னு அவளுக்கு சொல்ட்டேன்ல" என்றாள். தனியாக வந்து, தனியாகப் போனாள். அவளுக்கும் இந்த நோய் என்று இப்போது ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஊர் வேறு கதை கட்டியது. பெற்ற மகளுக்குக் கொடுக்காததால் சாமி தண்டித்துவிட்டதாம்.

"நான் போய்ச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"வாணாம். இப்ப சொன்னா, பொண்ணு போனப்புறம் பேரு வாங்க பாக்கறான்னுவாங்க. நா போனப்புறம் சொல்லு. அப்ப நா அங்க இருக்க மாட்டேன்ல."

அவள் போனபோது சரோஜினி மேடம் ஓய்வு பெற்று ஊரோடு போய்விட்டிருந்தார். நான் தனியாகப் போனேன். தெருவில் பந்தல் போட்டு, மங்கம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் கூடி உட்கார்ந்திருந்தார்கள். அவள் கணவனின் தங்கை என் பக்கத்தில் இருந்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டே, "பெத்த பொண்ணுக்குக் குடுக்காம காப்பாத்திகினா. அதே நோவக் குடுத்து சாமி இட்டுகினு போய்ட்டான்" என்றாள்.

"இல்லம்மா" என்றேன். "நோவு முன்னாடியே இருந்துது. அவங்க குடுக்கத்தான் வந்தாங்க. டெஸ்டுலதான் தெரிஞ்சிது. எங்களால எடுக்க முடியல. அவங்க பயப்படல."

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பறம் ஏன் பயம்னு சொன்னா?"

"தெரிஞ்சா சுமதி ஊசியை நிறுத்திடுவான்னு."

அவள் வாயைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். அந்த நேரம் மேளம் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பின்னால் இருந்தவர்களுக்கு நான் சொன்னது கேட்கவில்லை. "அந்தம்மா இன்னா சொல்ச்சு?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். நான் எழுந்து போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்து, குரலை உயர்த்தி, முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.